விசா வேண்டாத நாட்டுக்கு விசா தேடும் பிலிப்பினோக்கள்

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகாவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மேகம் இறங்கிவந்து மரக்கிளைகளில் தங்கும் காடுகளையும், கிளையில் தலைகீழாகத் தொங்கியபடியே வாழ்ந்து முடிக்கும் ஸ்லாத் என்ற விலங்கையும் படங்களில் பார்த்துப் பார்த்துப் பணம் சேர்த்திருக்கிறார். நுழைவு விதியைத் தேடிப் பார்க்கிறார். பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குச் சுற்றுலா விசா தேவையில்லை, 30 நாள் தங்கலாம் என்று இருக்கிறது. அவருக்கு வந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பிறகு பல வாரங்கள் அவர் விசாவுக்காகத்தான் அலையப்போகிறார். அது கோஸ்டாரிகா தரும் விசா அல்ல. அவர் போக விரும்பவே விரும்பாத, நடுவில் இரண்டு மணி நேரம் மட்டும் கால்வைக்கப்போகும் வேறொரு நாட்டின் விசா.

பிலிப்பினோக்களுக்கான பயணக் குறிப்புகளில் பெரும்பாலானவை "விசா வேண்டாம்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த வரி உண்மை. ஆனால் அது பயணத்தின் கடைசிக் கதவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பூட்டுகள் அதற்கு முன்னால் உள்ள இரண்டு கதவுகளில் இருக்கின்றன. ஒன்று இடைவழி விமான நிலையம். இன்னொன்று சொந்த நாட்டின் குடியேற்றத் துறைக் கவுண்ட்டர்.

முதலில் கோஸ்டாரிகாவின் விதியைப் பார்த்துவிடலாம். அந்நாடு உலகத்தை நான்கு குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் போன்றவை முதல் குழு. அவர்கள் விசா இல்லாமல் 180 நாள் வரை தங்கலாம். 2023 வரை அது 90 நாளாக இருந்தது. இரண்டாவது குழுவுக்கும் விசா வேண்டாம், ஆனால் 30 நாள்தான். பிலிப்பைன்ஸ் இந்தக் குழுவில் இருக்கிறது. மூன்றாவது குழு தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். இந்தியா அதில் அடங்கும் என்பதால், இந்தியப் பாஸ்போர்ட்டில் இதைப் படிப்பவர்கள் பிலிப்பினோக்களின் சலுகையைத் தங்களுடையதாக எண்ணிவிட வேண்டாம். நான்காவது குழுவுக்குக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. இரண்டாவது குழுவினர் 30 நாள் போதாவிட்டால், அங்கே போனபிறகு குடியேற்றத் துறையிடம் விண்ணப்பித்து மொத்தம் 90 நாள் வரை நீட்டித்துக்கொள்ள வழி உண்டு. அந்த அலுவலகத்தில் அலைவதற்கு விடுமுறையைச் செலவிட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். 30 நாளுக்குள் திட்டமிடுவதே நல்லது. குழுப் பட்டியல் அவ்வப்போது மாறுவதால், டிக்கெட் வாங்குவதற்கு முன் கோஸ்டாரிகக் குடியேற்றத் துறையின் பட்டியலை ஒருமுறை நேரடியாகப் பார்த்துவிட வேண்டும்.

இனி வழி. மணிலாவிலிருந்து கோஸ்டாரிகாவுக்கு நேரடி விமானம் இல்லை. உலகப் படத்தைப் பார்த்தால் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்கா வழியாகப் போவதுதான் இயல்பான பாதை. லாஸ் ஏஞ்சலிஸ் அல்லது சான் பிரான்சிஸ்கோவுக்கு மணிலாவிலிருந்தே விமானம் இருக்கிறது. அமெரிக்க நகரங்களிலிருந்து கோஸ்டாரிகாவின் தலைநகரான சான் ஹோசேவுக்குத் தாராளமாக விமானங்கள் பறக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அமெரிக்க விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணி வெறுமனே விமானம் மாறிவிட முடியாது. ஒரு மணி நேரம் நிற்பவரும் குடியேற்றச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். விசா இல்லாமல் கடந்துபோகும் சலுகைத் திட்டம் ஒன்று முன்பு இருந்தது. 2003 ஆகஸ்டில் பாதுகாப்புக் காரணம் சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே பிலிப்பினோ பயணி ஒன்று சி-1 என்ற இடைவழி விசா வாங்க வேண்டும், அல்லது பி-1/பி-2 என்ற வருகை விசா வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. இரண்டுக்கும் மணிலாவின் ரோஹாஸ் கடற்கரைச் சாலையில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். நேர்காணலில் ஆட்சி செய்வது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. விண்ணப்பிப்பவர் அமெரிக்காவில் குடியேறத்தான் வருகிறார் என்று அந்தப் பிரிவு முன்கூட்டியே கருதிக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விண்ணப்பதாரர். நம் ஆசிரியையின் நிலையை எண்ணிப்பாருங்கள். அமெரிக்காவில் காலாற நடக்கக்கூட எண்ணாதவர், அங்கே தங்கிவிட மாட்டேன் என்று அந்நாட்டுத் தூதரக அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி இதுதான் என்கிறபோது ஒரு யோசனை சொல்லலாம். இடைவழி விசாவுக்குச் செலவழிக்கும் அதே கட்டணத்தில் வருகை விசாவுக்கு விண்ணப்பிப்பது மேல். கிடைத்தால் பிலிப்பினோக்களுக்கு அது பெரும்பாலும் 10 ஆண்டுக்குச் செல்லுபடியாகிறது. அது மற்ற கதவுகளையும் திறக்கிறது.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு கனடா. 2023 ஜூனில் கனடா 13 நாடுகளின் குடிமக்களுக்கு ஒரு சலுகை அறிவித்தது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்களும், கடந்த 10 ஆண்டுகளில் கனடா விசா வைத்திருந்தவர்களும், விமானத்தில் வந்தால் விசாவுக்குப் பதிலாக இணையவழி அனுமதி பெற்றால் போதும். அந்த 13 நாடுகளில் பிலிப்பைன்ஸும் உண்டு, கோஸ்டாரிகாவும் உண்டு. மணிலாவிலிருந்து வான்கூவருக்கும் டொரன்டோவுக்கும் விமானம் இருப்பதால் இது நடைமுறையில் பயன்படும் வழி. மெக்சிகோவும் இதைப் போன்றதுதான். பிலிப்பினோக்களுக்கு விசா கேட்கும். அமெரிக்க விசாவோ, ஐரோப்பிய நாடுகள் பல பொதுவாகத் தரும் ஷெங்கன் விசாவோ, ஜப்பான் போன்ற நாடுகளின் விசாவோ கையில் இருந்தால் விட்டுக்கொடுக்கும். ஒரு வளர்ந்த நாட்டின் முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்துவிட்டால், அதுவரை மூடியிருந்த நாடுகள் ஒவ்வொன்றாக வழிவிடுகின்றன. அந்த முதல் முத்திரை கிடைக்காதவருக்கு எல்லாமே கடினம்.

அமெரிக்க விசா இல்லாதவருக்கு மிஞ்சுவது மேற்குத் திசை. மணிலாவிலிருந்து துபாய், தோஹா போன்ற வளைகுடா நகரம் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து மாட்ரிட், மாட்ரிட்டிலிருந்து சான் ஹோசே. உலகை மறுபக்கமாகச் சுற்றும் பாதை. 30 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆனால் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விமான நிலையத்தின் உள்ளேயே மாறிக்கொள்ள வழி இருக்கிறது. விமான நிலைய இடைவழி விசா கட்டாயம் என்று ஷெங்கன் பொதுப் பட்டியலில் உள்ள நாடுகளில் பிலிப்பைன்ஸ் இல்லை (இலங்கை இருக்கிறது). இருந்தாலும் உறுப்பு நாடுகள் தனித்தனியாகத் தங்கள் பட்டியலில் வேறு நாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். எனவே "ஐரோப்பா வழி" என்று பொதுவாக எண்ணாமல், எந்த நகரத்தில் மாறுகிறோமோ அந்த நாட்டின் விதியைப் பார்க்க வேண்டும்.

இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் அதில்தான் விழுகிறார்கள். மணிலா முதல் மாட்ரிட் வரை ஒரு டிக்கெட், மாட்ரிட் முதல் சான் ஹோசே வரை வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் விலை குறையும். ஆனால் பெட்டி மாட்ரிட்டோடு நின்றுவிடும். பெட்டியை எடுக்கக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும். வெளியே வர ஷெங்கன் விசா வேண்டும். விசா இல்லாத பயணியை மணிலாவிலேயே விமான நிறுவனம் ஏற்ற மறுத்துவிடலாம். ஒரே முன்பதிவில் முழுப் பயணமும் இருக்க வேண்டும். பெட்டி நேரே சான் ஹோசேவில் வந்து சேர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

இஸ்தான்புல் வழியாகக் கொலம்பியாவின் பொகோட்டாவுக்குப் போய், அங்கிருந்து வடக்கே திரும்பும் வழியும் உண்டு. கொலம்பியாவில் பிலிப்பினோக்களுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம் என்பதால் சிலர் அங்கே சில நாள் தங்கிவிட்டுப் போக நினைப்பார்கள். நல்ல யோசனைதான். அப்படித் தங்கியவர் கோஸ்டாரிகாவில் இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லுபடியாகும். மணிலாவிலிருந்து கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி அது.

வழி தீர்ந்தது, டிக்கெட்டும் வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் இரண்டாவது கதவு வருகிறது. பிலிப்பினோக்கள் எந்த வெளிநாட்டு அதிகாரியைவிடவும் அஞ்சுவது தங்கள் சொந்த விமான நிலையக் குடியேற்ற அதிகாரியைத்தான். அந்த அச்சத்துக்கு ஒரு சொல் இருக்கிறது: "ஆஃப்லோட்". சரக்கை இறக்குவதைக் குறிக்கும் சொல். விமானம் ஏற வந்தவரைச் சந்தேகத்தின் பேரில் நிறுத்தி வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதை மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். அரசு அதைப் "பயணம் ஒத்திவைப்பு" என்கிறது. பணம் கட்டிய டிக்கெட், ஹோட்டல், எடுத்த விடுப்பு எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் போய்விடும்.

அந்தக் கவுண்ட்டருக்குப் பின்னால் இருக்கும் காரணம் பொய்யானதல்ல. வேலை என்று சொல்லி அழைத்துப்போய் அடிமைகளாக்கப்பட்ட பிலிப்பினோக்கள் ஏராளம். அண்மை ஆண்டுகளில் மியான்மரிலும் கம்போடியாவிலும் உள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. சுற்றுலாப் பயணி என்று சொல்லிக் கிளம்பியவர்கள்தான் அப்படிச் சிக்குகிறார்கள். 2003இல் இயற்றப்பட்டுப் பிறகு இருமுறை திருத்தப்பட்ட ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் இதற்காகவே வந்தது. ஆனால் எண்களைப் பார்த்தால் மனம் கனக்கிறது. 2022இல் மட்டும் 32,404 பிலிப்பினோக்களின் பயணம் இப்படி நிறுத்தப்பட்டது. அவர்களில் ஆள்கடத்தலுக்கோ சட்டவிரோத ஆள்சேர்ப்புக்கோ ஆளானவர்கள் என்று கண்டறியப்பட்டவர்கள் 472 பேர். பொய்த் தகவலோ போலி ஆவணமோ தந்தவர்கள் 873 பேர். வேலைக்குப் போக முயன்ற சிறார்கள் 10 பேர். மற்ற முப்பதாயிரத்துச் சொச்சம் பேரும் எதற்காக நிறுத்தப்பட்டார்கள்? 472 பேர் காப்பாற்றப்பட்டது பெரிய செயல், அதில் ஐயமில்லை. அதற்கு விலையாக இத்தனை பேரின் பயணம் பறிபோக வேண்டுமா என்பதே கேள்வி. பயண உரிமையைத் தேசப் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் ஆகிய மூன்றின் பொருட்டு, சட்டம் வகுத்தபடி மட்டுமே குறைக்கலாம் என்று பிலிப்பைன்ஸின் 1987 அரசியல் சட்டம் சொல்கிறது.

2022 டிசம்பரில் இஸ்ரேலுக்குக் கிளம்பிய பெண் ஒருவரிடம் பள்ளி ஆண்டு மலரைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். கேள்விகள் நீண்டு விமானத்தையும் தவறவிட்டார். பல மாதம் கழித்து அவர் அதை வெளியே சொன்னபோது நாடே கொதித்தது. பட்டம் வாங்கிய நாளில் அச்சிட்ட புத்தகத்தை யார் விடுமுறைப் பயணத்துக்குச் சுமந்துபோவார்கள்? அதற்குப் பிறகும் அரசு 2023 ஆகஸ்டில் ஆவணப் பட்டியலை விரிவாக்கிப் புதிய நெறிமுறை ஒன்றை அறிவித்தது. செப்டம்பர் 3 அன்று நடைமுறைக்கு வர வேண்டிய அதை, எதிர்ப்பு வலுக்கவே, ஆகஸ்ட் 31 அன்றே நிறுத்தி வைத்தார்கள்.

கோஸ்டாரிகாவுக்குப் போகிறவர் இந்தக் கவுண்ட்டரில் கூடுதல் ஆயத்தத்தோடு நிற்க வேண்டும் என்பது என் கருத்து. ஹாங்காங், சிங்கப்பூர் என்றால் அதிகாரிக்குப் பழகிய பெயர். முதல் வெளிநாட்டுப் பயணமே மத்திய அமெரிக்கா என்றால் "ஏன் அங்கே?" என்ற கேள்வி எழத்தான் செய்யும். அடிப்படையாகக் கேட்பவை பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், திரும்பும் டிக்கெட், தேவையான விசா. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடிக் காலம் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன்னுள்ள 72 மணி நேரத்துக்குள் இ-டிராவல் என்ற அரசுத் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி. பயண வரி என்று ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. சாதாரண வகுப்புக்கு 1,620 பெசோ. டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஆசிரியைக்கு இன்னொன்று தேவை. அவர் அரசு ஊழியர் என்பதால் கல்வித் துறையிடம் வெளிநாட்டுப் பயண அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். இது இல்லாமல் நிறுத்தப்பட்டால் யாரையும் குறைசொல்ல முடியாது. வெளிநாட்டுக் காதலரையோ கணவரையோ காணப் போகிறவருக்கு வெளிநாட்டு பிலிப்பினோக்கள் ஆணையத்தின் ஆலோசனைச் சான்றிதழ் கேட்கப்படலாம். பெற்றோர் இல்லாமல் போகும் சிறாருக்குச் சமூக நலத் துறையின் அனுமதி வேண்டும். இவற்றையெல்லாம் பெரும்பாலானோர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அடுக்கி வைப்பது நல்லது. கேட்காததை எடுத்து நீட்ட வேண்டாம். எங்கே தங்குகிறோம், எத்தனை நாள், செலவு யாருடையது, திரும்பி வந்து எந்த நாளில் வேலைக்குச் சேர்கிறோம் என்ற நான்குக்கும் உண்மையான, சுருக்கமான பதில் நாவில் இருந்தால் போதும். உறவினர் செலவைக் கவனிக்கிறார் என்றால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கவுண்ட்டரில் ஒரு சின்னப் பொய் தெரியவந்தால் பிறகு உண்மையும் எடுபடாது.

இவ்வளவுக்கும் பிறகு சான் ஹோசேவில் இறங்கினால் அங்கே நடப்பது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. விமான நிலையம் உண்மையில் பக்கத்திலுள்ள அலஹுவேலா நகரில் இருக்கிறது. திரும்பும் டிக்கெட், மாதத்துக்கு 100 டாலர் என்ற கணக்கில் கைச்செலவுக்குப் பணம் இருப்பதற்கான அடையாளம், தங்குமிட முகவரி, இவ்வளவுதான் விதி.

அந்த முகவரியைப் பற்றி ஒரு வார்த்தை. கோஸ்டாரிகாவில் தெருப்பெயரும் வீட்டு எண்ணும் பெரும்பாலும் புழக்கத்தில் இல்லை. "தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் தெற்கே, 50 மீட்டர் கிழக்கே" என்பதே முழு முகவரி. 100 மீட்டர் என்றால் ஒரு தெரு நீளம் என்று பொருள்; அளவுநாடாவைத் தேட வேண்டியதில்லை. வழிகேட்கும்போது பிலிப்பினோ காதுக்கு ஸ்பானியம் அவ்வளவு அந்நியமாகவும் இருக்காது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் நீடித்த ஸ்பானிய ஆட்சி பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் மேசை, கரண்டி, செருப்பு, கிழமைகள், மணிக்கணக்கு என்று சொற்களை விட்டுச் சென்றிருக்கிறது. "குமுஸ்தா" என்று நாள்தோறும் நலம் விசாரிப்பவர், அது "கோமோ எஸ்தா" என்ற ஸ்பானியக் கேள்வியிலிருந்து வந்தது என்பதைச் சான் ஹோசே டாக்சியில் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

காலை உணவும் கைகொடுக்கும். முந்தைய நாள் சோற்றைப் பூண்டு போட்டு வறுத்துச் சாப்பிடும் ஊர்க்காரர்களுக்கு, கறுப்பு பீன்ஸும் சோறும் சேர்த்து வதக்கிய "காயோ பின்தோ" உடனே பிடித்துவிடும். "சோடா" என்று பெயர்ப்பலகை வைத்த சிறு உணவகங்களில் இது மலிவு. நாடு மொத்தத்தில் பிலிப்பைன்ஸைவிடச் செலவு மிகுந்தது. உணவகத்தில் 13 விழுக்காடு வரியும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் பில்லிலேயே அடங்கிவிடுவதால், மேலும் டிப்ஸ் வைக்க வேண்டிய கடமை இல்லை.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். இரு நாட்டிலும் தட்டையான இரண்டு கால் பிளக்தான். பிலிப்பைன்ஸ் பிளக் கோஸ்டாரிகச் சுவரில் சிக்கலின்றிப் பொருந்தும். ஆனால் பிலிப்பைன்ஸில் 220 வோல்ட், கோஸ்டாரிகாவில் 120. கைபேசி சார்ஜர் இரண்டையும் தாங்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன ரைஸ் குக்கரோ தலைமுடி உலர்த்தியோ பாதி உயிரோடு முனகும். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

எங்கே போவது? கடற்கரைக்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம் என்பேன். பலவான் தீவை வைத்திருப்பவர்களுக்கு அது குறையே இல்லை. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. 1951இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்த குவேக்கர் குடும்பங்கள் குடியேறிய மோன்தெவெர்தேயின் மேகக்காட்டில் விடியற்காலையில் நின்றால், இலை நுனிகளில் மேகமே நீராகச் சொட்டும். மனுவெல் அந்தோனியோ தேசியப் பூங்காவுக்கு இணையத்தில் மட்டுமே டிக்கெட், செவ்வாய்க்கிழமை விடுமுறை. டோர்துகேரோ கடற்கரையில் பச்சை ஆமைகள் கரையேறுவது ஜூலை முதல் அக்டோபர் வரை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பசிபிக் பக்கம் வறண்ட காலம் என்பதால் ஆசிரியையின் ஏப்ரல் விடுமுறைக்குக் காடு வாய்க்கும், பச்சை ஆமை வாய்க்காது.

ஏப்ரலில் இன்னொரு கணக்கும் உண்டு. பிலிப்பினோக்களும் "செமானா சாந்தா" என்றே சொல்லும் புனித வாரத்தில் கோஸ்டாரிகாவில் கடற்கரை ஹோட்டல்கள் நிரம்பிவிடும். பெரிய வியாழனும் வெள்ளியும் பஸ்கள் பல ஓடா. அந்த வாரத்தைத் தவிர்க்க முடியாதவர், தலைநகருக்குப் பக்கத்தில் உள்ள கார்த்தாகோவின் பேராலயத்தில் கழிக்கலாம். அங்கே "லா நெக்ரித்தா" என்று அழைக்கப்படும் சிறிய கரிய மாதா சிலை இருக்கிறது. வாசலிலிருந்து பீடம் வரை மக்கள் முழங்காலிலேயே நகர்ந்து போகிறார்கள். மணிலாவின் கியாப்போ தேவாலயத்தில் கரிய நசரேயன் என்ற இயேசு சிலையின் முன்னால் அதே போல முழங்காலில் போனவருக்கு அங்கே யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

கடைசியாகச் சொல்ல வேண்டியது பாஸ்போர்ட்டைப் பற்றி. கோஸ்டாரிகாவில் பிலிப்பைன்ஸ் தூதரகம் இல்லை. அந்நாட்டுக்குப் பொறுப்பு மெக்சிகோ நகரத்தில் உள்ள தூதரகம். அங்கே நேரில் போகப் பிலிப்பினோவுக்கு மெக்சிகோ விசா வேண்டும். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர் எந்த விசாவைக் காட்டுவார்? சான் ஹோசேவுக்கும் மணிலாவுக்கும் 14 மணி நேர இடைவெளி இருப்பதால், நண்பகலில் வீட்டுக்கு அழைத்தால் அங்கே பின்னிரவு இரண்டு மணி. பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் நுழைவு முத்திரைப் பக்கமும் இரண்டிரண்டு நகல் எடுத்து, மெக்சிகோ தூதரகத்தின் அவசர எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் அந்த நகலின் பின்புறத்தில் பேனாவால் எழுதி, பாஸ்போர்ட் இருக்கும் பையில் அல்லாமல் வேறொரு பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.